பாராட்டும் திருத்தமும்: மலையோரப் பறவை ஆர்வலர்களும் சமூக ஊடகமும்

பறவை பார்ப்பது, பட்டாம்பூச்சியைத் தேடிப் போவது, தும்பிகளை இனம் பிரித்தறிவது ஆகிய பொழுதுபோக்குகள் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத்தில் இன்று நன்றாக வேர்பிடித்துவிட்டன. நெல்லியாம்பதி, பறம்பிக்குளம், மூணாறு, மறையூர், சின்னாறு, குமுளி என்று எந்தப் பக்கம் போனாலும் கழுத்தில் பைனாகுலரோ கையில் காமிராவோ உள்ளவர்களைப் பார்க்கிறோம். இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான். அங்கே உள்ள லைக், ஃபார்வர்ட், பின்தொடர்வோர் கணக்கு, பறவைப் பதிவுத் தளங்களில் உள்ள தரவரிசைப் பட்டியல் போன்ற வசதிகள் இந்த ஆர்வலர்களின் பேச்சை என்ன செய்திருக்கின்றன என்பதே இன்றைய பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய துறைகளில் அறிவு வளர்வது திருத்தத்தால்தான். பாராட்டை ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வசதிகள் அந்தத் திருத்தத்தை நெரிக்கின்றன. பதிலைப் பதிவோடு சேர்த்துக் கட்டிவைக்கும் வசதிகள் அதை வளர்க்கின்றன. ஆகவே, சமூக ஊடகம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. அதில் எந்த வசதியை எதற்குப் பயன்படுத்துவது என்றுதான் கேட்க வேண்டும்.

நம் மலைகளில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டாக அறுத்து வைத்திருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. உயர்ந்த சோலைகளில் மட்டுமே வாழும் பறவைகள் அந்தச் சமவெளியைத் தாண்டிப் போவதில்லை. எனவே காலப்போக்கில் இரு பக்கமும் வெவ்வேறு இனங்களாகப் பிரிந்துவிட்டன. சிரிப்பான் பறவைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்த மலைகளின் சிரிப்பான்களைத் தனிப் பேரினமாகவே பிரித்துக் காட்டியது. நீலகிரியில் இருப்பது செம்பழுப்பு வயிறு கொண்ட நீலகிரிச் சிரிப்பான். சாம்பல் நிற மார்பு கொண்டவை மூன்று: வயநாட்டுப் பக்கம் பாணாசுரச் சிரிப்பான், மூணாறு, கொடைக்கானல், வால்பாறை மேட்டில் பழனிச் சிரிப்பான், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் அசம்புச் சிரிப்பான். தோற்றத்தில் இவை நெருங்கிய உறவினர். எங்கே எடுத்த படம் என்று தெரியாவிட்டால் புதிதாகப் பழகுபவர் எதைச் சொல்வார்? இந்த மண்ணில் இடம் என்பது படத்துக்கு அடியில் போடும் குறிப்பு அன்று, அடையாளத்தின் பாதி.

முன்பு இந்தப் பேச்சு எப்படி நடந்தது? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-ல் தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்து அதன் ஆய்விதழ் வந்தது. அதன் பின்பக்கங்களில் சிறு குறிப்புகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. தோட்டத் துரைகளும் வன அதிகாரிகளும் தாங்கள் கண்டதை அதில் அரைப்பக்கம், ஒரு பக்கம் என்று எழுதினார்கள். பின்னர் ஜாபர் ஃபூதேஹல்லி நடத்திய பறவை ஆர்வலர் செய்திமடல் அந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. பாலக்காட்டு மாவட்டத்துக் காவசேரியில் பிறந்த ஆங்கிலப் பேராசிரியர் கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்ற பெயரில் எழுதி 1958-ல் வெளிவந்த 'கேரளத்திலே பக்ஷிகள்' என்ற மலையாள நூல் ஒரு தலைமுறைக்கே கண்ணைத் திறந்துவிட்டது. இந்த எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு இருந்தது. நாள், இடம், நேரம், கண்ட விதம், ஐயம் ஆகியவை ஒன்றாக வந்தன. யாராவது மறுத்தால் அந்த மறுப்பும் அதே இதழில் அச்சாகும். ஐம்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் கூற்றும் மறுப்பும் சேர்ந்தே கிடைக்கும்.

அந்த ஒழுங்கின் பலனுக்கு மயிலைச் சான்றாகச் சொல்லலாம். 1933-ல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். மறையூர், மூணாறு, குமுளி, பறம்பிக்குளம், நெல்லியாம்பதி உட்படப் பல இடங்களில் முகாமிட்டுப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளில் மயில் இல்லை. 2009-ல் அதே இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஏறக்குறையப் பாதி இடங்களில் மயில் இருந்தது. இன்று பாலக்காட்டுக் கணவாய் வயல்களில் மயில் நெல்லைத் தின்றுவிடுகிறது என்று விவசாயிகள் முறையிடும் நிலை. வறண்ட நிலத்தை விரும்பும் பறவை கேரளத்தில் பரவுவதைக் காலநிலை மாற்றத்தோடு இணைத்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. இந்த முடிவுக்கு வர உதவியது எது என்று யோசித்துப் பாருங்கள். 1933-ல் மயில் காணப்படவில்லை என்பதே அந்தத் தகவல். இல்லாத பறவையை யாரும் படம் எடுக்க முடியாது. சாதாரணப் பறவைகளையும் விடாமல் ஒருவர் பட்டியலிட்டு வைத்ததால்தான், பட்டியலில் இல்லாத பறவைக்கும் பொருள் கிடைத்தது.

இப்போது சமூக ஊடகத்தின் வசதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009-ல் வந்தது. அதன் பிறகு எல்லாத் தளங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. ஜனவரி மாதம் நெல்லியாம்பதியில் காப்பித் தோட்டத்து நிழல் மரம் ஒன்றில் எடுத்த சிறு பச்சைப் பறவையின் படம் என்று வைத்துக்கொள்வோம். இலைகளுக்கிடையே துள்ளும் இலைக்கதிர்க்குருவி. இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்தில் நம் மலைகளுக்கு வரும் இந்தக் கூட்டத்தில் குறைந்தது மூன்று இனங்களை ஒரே தோட்டத்தில் பார்க்கலாம். நிறம் ஏறக்குறைய ஒன்றே. உச்சந்தலை நடுவில் வெளிர் கோடு இருக்கிறதா, அலகு எவ்வளவு தடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, எப்படிக் கூவியது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். நல்ல உரையாடலில் வர வேண்டிய கேள்விகள் இவை: கூப்பிட்டதா? ஒற்றை ஒலியா, இரட்டை ஒலியா? தலையை மேலிருந்து பார்க்க முடிந்ததா? மரத்தின் உச்சியிலா, கீழ்க்கிளையிலா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலளிக்கும்போதுதான் படம் எடுத்தவரும் கற்றுக்கொள்கிறார், படிப்பவரும் கற்றுக்கொள்கிறார். ஆனால் ஊடகத்தின் அமைப்பில் ஒரு லைக்குக்கு ஒரு தொடுகை போதும். ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்ய மூன்று நிமிடம் வேண்டும். நூறு பேர் தொடுகிறார்கள், ஒருவர் கேட்கிறார். அந்த ஒருவரின் கேள்வி, “அருமை சார்”, “சூப்பர் கிளிக்” என்ற வரிகளுக்கு நடுவே எங்கோ கிடக்கிறது. சில நாட்களில் அந்தப் பதிவே கீழே போய்விடுகிறது.

இதன் விளைவு மெதுவாக வந்து ஆழமாகத் தங்குகிறது. எதற்குப் பாராட்டு கிடைக்கிறதோ அதையே மனிதர் மறுபடி செய்வார்கள். இறக்கை விரித்த இருவாச்சிக்கு ஐந்நூறு லைக், கொண்டைக்குருவிக்கு ஐந்து என்றால், கொண்டைக்குருவியைப் பற்றி எழுதும் கை ஓய்ந்துவிடும். அடையாளம் தெரியாத மங்கலான படத்தைப் போட்டு ‘இது என்ன?’ என்று கேட்கக் கூச்சம் வரும். பேச்சு படத்தின் அழகைச் சுற்றியே நிற்கும். பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பது பின்னால் தள்ளப்படும். இன்ஸ்டாகிராம் நிறுவனமே 2019-ல் சில நாடுகளில் லைக் எண்ணிக்கையை மறைத்துச் சோதித்துப் பார்த்தது. 2021-ல் விரும்பியவர் மறைத்துக்கொள்ளலாம் என்று வசதி கொடுத்தது. எண்ணிக்கை கண்ணில் படுவது மனிதரின் நடத்தையை மாற்றுகிறது என்பதை அந்த வசதியைச் செய்தவர்களே ஏற்றுக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள முடியும்.

ஃபார்வர்ட் செய்யும் கேடு வேறு வகை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. காமிரா படத்துக்குள் எழுதி வைத்த நாள், நேரம், இடக்குறி எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. முதல் குழுவில் ‘மூணாறு, காலை ஏழு மணி’ என்று எழுதியிருந்த வரியும் அடுத்த குழுவுக்கு வருவதில்லை. மூன்றாவது கைமாறும்போது சாம்பல் மார்புச் சிரிப்பான் வயநாட்டுப் பறவையாகிவிடலாம், அகத்தியமலைப் பறவையும் ஆகிவிடலாம். இதைவிட முக்கியமானது, யாரோ ஒருவர் முதல் குழுவில் சரியாகத் திருத்தியிருந்தாலும் அந்தத் திருத்தம் படத்தோடு பயணம் செய்வதில்லை. தவறு நடந்து போகிறது, திருத்தம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பழைய இதழில் கூற்றும் மறுப்பும் ஒரே கட்டில் தைக்கப்பட்டிருந்தன என்று சொன்னேனே, அந்தத் தையல்தான் இங்கே பிரிந்துபோகிறது.

மூன்றாவது, பின்தொடர்வோர் கணக்கு. நம் ஊரில் மரியாதைக்கு ஒரு நடைமுறை உண்டு. மூத்தவரை நாலு பேர் முன்னால் ‘தவறு’ என்று சொல்வதைப் பண்பாகக் கருதமாட்டோம். தனியே அழைத்துச் சொல்வோம். பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதுவது அந்தப் பண்போடு ஒத்துப்போனது. பல்லாயிரம் பேர் பார்க்கும் இடத்தில் பின்னூட்டமாகத் திருத்துவது ஒத்துப்போகவில்லை. விளைவு, பெயர் பெற்றவர் தவறாகச் சொன்னால் தெரிந்தவர் மௌனம் சாதிக்கிறார், தெரியாதவர் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறார். பின்தொடர்வோர் எண்ணிக்கை அறிவின் அளவுகோல் அன்று. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் தெரியும் அளவுகோல் அது ஒன்றுதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மிக வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘பழைய காலத்தைப் புகழாதீர்கள். அந்த இதழ்கள் ஆங்கிலத்தில் வந்தன; எழுதியவர்கள் அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், பேராசிரியர்கள். தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை. சமூக ஊடகம் வந்த பிறகுதான் அந்தப் பிள்ளை தன் கைபேசிப் படத்தைப் போட்டு, தமிழிலேயே குரல் பதிவில் கேட்டு, மலையாளத்தில் பதில் வாங்கிப் புரிந்துகொள்ள முடிகிறது.’ இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். வாசல் அகலமானது பெரும் நன்மை; அதை மூட நினைப்பது அநீதி. ஆனால் இதே வாதம் என் கருத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்குத்தான் திருத்தம் மிக அதிகமாகத் தேவை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு லைக் மட்டும் கிடைத்தால் நட்டம் சிறிது. புதிதாக வந்தவருக்கு லைக் மட்டும் கிடைத்தால், வாசலைத் திறந்து உள்ளே அழைத்துவிட்டு பாடம் நடத்தாமல் அனுப்பிவிட்டோம் என்றுதான் பொருள். அவர் தமிழில் கேட்ட நல்ல கேள்வியும் அதற்கு வந்த நல்ல பதிலும் அடுத்த ஆண்டு வரும் இன்னொரு பிள்ளை தேடினால் கிடைக்க வேண்டாமா?

‘போட்டியும் தரவரிசையும்தானே இவ்வளவு பதிவுகளைக் குவித்திருக்கின்றன’ என்று கேட்பவர்களும் உண்டு. இதிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் யார் எத்தனை இனம் பார்த்தார் என்ற பட்டியல் உண்டு. அது பலரைக் காலையில் எழுப்பிக் காட்டுக்கு அனுப்புகிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டிலும் ஓணத்தை ஒட்டிக் கேரளத்திலும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புகளில் திருவிழா உற்சாகம் இருக்கிறது. அந்த உற்சாகத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் போட்டி, ஆர்வலர்களை அரிய பறவை கிடைக்கும் சில இடங்களுக்கே திரும்பத் திரும்ப இழுத்துச் செல்லும். கேரளப் பறவை வரைபடத் திட்டம் இதற்கு நேர் எதிரான வழியில் நடந்தது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கல் முறையில் விழுந்த இடங்களுக்கே போய், மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை எண்ணினார்கள். குலுக்கலில் ரப்பர் தோட்டம் விழுந்தால் ரப்பர் தோட்டம், கடைத்தெரு விழுந்தால் கடைத்தெரு. சுமார் 3 லட்சம் பதிவுகள், 361 இனங்கள் சேர்ந்தன. அதே கைபேசிகளும் அதே ஈபேர்ட் தளமும்தான் பயன்பட்டன. ஆளுக்குப் புள்ளி சேர்க்கும் நோக்கத்தை எடுத்துவிட்டு, கட்டத்தை நிரப்பும் நோக்கத்தை வைத்ததுதான் வேறுபாடு. ஒரே கருவி, வேறு பரிசு, விளைவும் வேறு.

மூன்றாவது எதிர்வாதம் புதியது. ‘மெர்லின் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்தும் குரலைக் கேட்டும் ஒரு நொடியில் பெயர் சொல்லிவிடுகின்றன, இனி உரையாடல் எதற்கு?’ செயலி நல்ல உதவியாளர். ஆனால் அது கற்றுக்கொண்டதே மனிதர்கள் சரிபார்த்து வைத்த படங்களிலிருந்தும் ஒலிப்பதிவுகளிலிருந்தும்தான். சரிபார்ப்பு நின்றால் செயலியின் கல்வியும் நின்றுவிடும். மேலும், இதுவரை யாரும் பெயரிடாத உயிரைச் செயலி சொல்ல முடியாது. இடுக்கியை ஒட்டிய மேகமலையில் கண்டறிந்த பட்டாம்பூச்சி ஒன்று 2023-ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டறிந்தவர்கள் தேனியைச் சேர்ந்த வனம் அமைப்பினர். ‘தெரிந்த இனம்தானே’ என்று கடந்து போகாமல், இறக்கைக் கோடுகளை அருகில் உள்ள இனங்களோடு ஒப்பிட்டு, ஏன் வேறுபடுகிறது என்று கேட்டதால்தான் அது சாத்தியமானது. அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைப் பழக்கும் இடம் ஆர்வலர்களின் உரையாடல்தான்.

சரி, நல்ல வடிவம் என்று எதையாவது காட்ட முடியுமா என்றால், குறைகளோடு ஒன்றைக் காட்டலாம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் நாளும் இடமும் உண்டு. யார் வேண்டுமானாலும் வேறு பெயர் சொல்லலாம், காரணம் எழுதலாம். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அது ஆய்வுத் தரம் பெறும். பிறகு யாராவது மறுத்தால் அந்தத் தகுதி மாறும்; பழைய கருத்துகளும் அழியாமல் அங்கேயே இருக்கும். திருத்தம் பதிவை விட்டு அகலாது என்பதே இதன் பெரும் பலம். ஆனால் இங்கேயும் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற பொத்தான் இருக்கிறது. பார்த்துச் சோதிக்காமல், நண்பர் சொன்னார் என்பதற்காக அதைத் தொட்டால், அதுவும் லைக்காகவே மாறிவிடும். ஈபேர்ட்டில் வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் அந்தப் பகுதியின் தன்னார்வச் சரிபார்ப்பாளர் சான்று கேட்டு எழுதுவார். இது நாம் பேசிய அந்தத் தனியே சொல்லும் பண்போடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்து மற்றவர் கண்ணில் படுவதில்லை, ஆகவே அதிலிருந்து மற்றவர் கற்க வழியில்லை. எந்த வடிவமும் முழுமையானதில்லை. எதில் திருத்தம் நிலைத்து நிற்கிறது என்று பார்த்துத் தேர்வது நம் பொறுப்பு.

பாராட்டின் பசி அறிவை மட்டும் பாதிப்பதில்லை, உயிரையும் பாதிக்கும். நெல்லியாம்பதியிலும் பறம்பிக்குளத்திலும் கூடு கட்டும் பெரிய இருவாச்சி, கேரளத்தின் மாநிலப் பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவுதான் மிஞ்சும். அடைகாக்கும் காலத்தில் ஆண் பறவை கொண்டுவருவதுதான், பெரும்பாலும் அத்திப் பழங்கள், அதற்கு உணவு. மரத்தடியில் கூட்டம் நின்றால் ஆண் அருகில் வரத் தயங்கும். உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். ஒரு படத்தோடு இடம் வெளியானால் அடுத்த வாரமே கூட்டம் வந்துவிடும். இதனால்தான் பல குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதி வைத்திருக்கின்றன. ஈபேர்ட்டும் ஐநேச்சுரலிஸ்ட்டும் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை மறைத்துக் காட்டுகின்றன. சின்னாற்று வறண்ட காட்டில் வாழும் நட்சத்திர ஆமை கடத்தல்காரர்கள் தேடும் உயிர் என்பதும் நமக்குத் தெரிந்ததே. இடம் இன்றியமையாதது என்று சொன்ன நானே இடத்தை மறைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. ஆய்வுக்குரிய பதிவில் இடம் துல்லியமாக இருக்க வேண்டும். பொதுப் பார்வையில் அது மங்கலாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.

இனி நாம் செய்யக்கூடியவை. அவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வாட்ஸ்அப் குழுவில் படம் போடும்போது மாவட்டம், நாள், நேரம், பறவை செய்துகொண்டிருந்த செயல் ஆகிய நான்கையும் படத்தோடு ஒரே செய்தியில் எழுதுவோம். ஆதாரமாகப் பயன்படும் படத்தை ஆவணமாக அனுப்பினால் உள்ளே உள்ள விவரம் உதிராது. ஃபேஸ்புக்கில் திருத்தம் வந்தால் பின்னூட்டத்திலேயே விட்டுவிடாமல், பதிவின் முதல் வரியிலேயே மாற்றி எழுதி, திருத்தியவருக்கு நன்றி சொல்வோம். அப்போது பாராட்டு இருவருக்கும் போகும்: கண்டவருக்கும் திருத்தியவருக்கும். மூத்தவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். நீங்கள் வெளிப்படையாக ‘நான் சொன்னது தவறு’ என்று ஒருமுறை எழுதினால், இளையவர் பத்துப் பேருக்குக் கேள்வி கேட்கும் துணிவு வரும். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒருமுறை, நல்ல கேள்வி பதில்களைத் தமிழிலும் மலையாளத்திலும் தொகுத்து, தேடினால் கிடைக்கும் இடத்தில் வைக்கலாம். யாஹூ குழுமங்கள் படிப்படியாக மூடப்பட்டபோது உலகெங்கும் ஆர்வலர்கள் இருபது ஆண்டுகளாக எழுதிய உரையாடல்கள் கையை விட்டுப் போயின. நிறுவனத்தின் கிடங்கை நம்பி நம் நினைவை ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

1933-ல் ஒருவர் பொறுமையாக எழுதிய பட்டியல் 2009-ல் நமக்கு விடை சொன்னது. இன்று இந்தக் கணவாயின் இருபுறமும் வெயில் மாறுகிறது, மழை மாறுகிறது, தோட்டங்கள் மாறுகின்றன. இந்த மாற்றத்தைப் பற்றி நாளைக்குக் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு நம் லைக் எண்ணிக்கை எதையும் சொல்லாது. நாம் எழுதி, ஒருவரையொருவர் திருத்தி, அந்தத் திருத்தத்தோடு சேர்த்துப் பாதுகாத்து வைத்த பதிவு மட்டுமே அவர்களுக்குப் பதில் சொல்லும். அந்தப் பதிவை எழுதும் வேலையை நம் குழுக்களில் இந்த வாரமே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.